42,000-ல் எந்த 6,000?

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கீழ்த்தளத்தில் எதை வைத்தாலும் ஓதம் பிடிக்கும். எங்கள் கல்லூரி நூலகமும் அதற்கு விலக்கில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். முதல் நாளே அடித்தட்டுப் புத்தகங்களை மேசைமேல் ஏற்றி வைத்ததால் தப்பித்தோம். ஆனால் தண்ணீர் வடிந்தும் சுவர் மூன்று மாதம் வியர்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. கீழ் ஸ்டாக் அறை இனி மாணவர் படிப்பறை, புத்தகமெல்லாம் மாடிக்கு. மாடியில் 36,000 புத்தகத்துக்குத்தான் இடம். கையில் இருப்பது 42,000 சொச்சம்.

ஒரு மீட்டர் தட்டில் சுமார் 30, 35 புத்தகம் நிற்கும். ஆக 180 மீட்டர் தட்டு காலியாக வேண்டும். எதை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நான்கு மாதமாக ஒவ்வொரு வழியையும் ஒன்றிரண்டு ராக்கில் ஓட்டிப் பார்த்தேன். எது எங்கே கைகொடுத்தது, எது எங்கே காலை வாரியது என்று எழுதி வைக்கிறேன். மற்ற கல்லூரிகளுக்கும் இந்த வேலை இன்றில்லாவிட்டால் நாளை வரும்.

எல்லாரும் முதலில் சொல்வது, பத்து வருடமாக யாரும் எடுக்காததைக் கழித்துவிடு என்பதுதான். எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் ஒரு ரிப்போர்ட் ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும். யாராவது சண்டைக்கு வந்தாலும் கம்ப்யூட்டரைக் கைகாட்டிவிடலாம். இந்த வழிக்குப் பின்னால் ஆய்வுப் பலமும் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1969-ல் வாங்கிய புத்தகங்களை ஆறு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் ஒரு தடவைகூட இரவலுக்குப் போகவில்லை. 1979-ல் அந்த ஆய்வு வெளிவந்ததும் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே அதை எதிர்த்து எழுதினார்கள் என்பது கதையின் மறுபாதி. நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று.

எங்கள் பட்டியலில் மொத்தப் புத்தகத்தில் பாதிக்குப் பக்கம் வந்து நின்றது. நல்லவேளை, அதை அப்படியே நம்பாமல் இயற்பியல் ராக்கில் போய் நின்றேன். கனமான ஒரு ஒளியியல் புத்தகம். கோஹாவில் இஷ்யூ பூஜ்யம். பின்னட்டையைத் திறந்தால் டியூ டேட் ஸ்லிப் முழுக்க ஊதா மை முத்திரை. அது நிரம்பியதும் அதன்மேலேயே இன்னொரு ஸ்லிப் ஒட்டி, அதிலும் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கடைசி முத்திரை மார்ச் 2009. நாங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியது அந்த வருடம்தான். பழைய கணக்கை யாரும் ஏற்றவில்லை, அதனால் கோஹாவைப் பொறுத்தவரை இந்தப் புத்தகத்துக்கு முன்ஜென்மமே கிடையாது.

சரி, அதற்கப்புறமும் ஏன் யாரும் எடுக்கவில்லை? எங்கள் அட்டெண்டர் அண்ணனைக் கேட்டேன். "இத வீட்டுக்கு யாரும் தூக்கினு போ மாட்டாங்க மேடம், கனம். இங்கயே உக்காந்து எழுதிப்பாங்க, போன்ல போட்டோ புடிச்சிப்பாங்க. வாரத்துல ரெண்டு வாட்டி நான்தான எட்த்து அடுக்குறேன்" என்றார். புத்தகத்தின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். விரலில் தூசி ஒட்டவில்லை. பக்கத்துப் புத்தகத்தைத் தடவினால் விரல் கறுத்தது. அன்று முதல் எனக்கு இதுவும் ஒரு சோதனை.

எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகம்தான் இரவல். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் நிறைய. அவர்கள் நூலகத்துக்கு வருவதே உட்காரவும் மின்விசிறிக்கும்தான், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வார்கள்? அதனால் ஒரு பருவம் முழுக்க மேசையில் கிடக்கும் புத்தகங்களை யாரும் திருப்பி அடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். மாலையில் அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்த பிறகே ராக்குக்குக் கொண்டுபோவார். கோஹாவில் இந்த உள்பயன்பாட்டுக்குத் தனி வசதியே இருக்கிறது, நாங்கள்தான் இத்தனை வருடம் தொடவில்லை. பருவ முடிவில் பூஜ்யப் பட்டியலிலிருந்து கணிசமான புத்தகங்கள் உயிரோடு எழுந்து வந்தன. முக்கியமாக கணிதம், இயற்பியல், போட்டித் தேர்வு அலமாரிகளில்.

இரவல் கணக்கு காட்டாத இன்னொன்றும் உண்டு. பொருளியல் பக்கம், பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர் பற்றிய ஒரு மெல்லிய வெளியீடு. ஸ்லிப்பில் மூன்றே முத்திரை. மெட்ராஸ் லேபர் யூனியன் 1918-ல் உருவானதும் 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் இந்த வட்டாரத்தில்தான். 1996-ல் ஆலையே மூடியாகிவிட்டது. இந்தப் புத்தகத்தைக் கேட்டு வருஷத்துக்கு ஒருவர்கூட வரமாட்டார். வருகிற ஒருவருக்கோ இதைவிட்டால் வேறு வழியிருக்காது. பட்டியலை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது எடைக்குப் போயிருக்கும்.

அடுத்தது, பழைய பதிப்பைக் கழி என்பது. கணினி அறிவியலில் இதற்கு மேல் சுலபமான வழி கிடையாது. டர்போ சி, விண்டோஸ் 98 புத்தகங்களைத் தயங்காமல் எடுத்தேன். யாரும் மூச்சுவிடவில்லை. கணிதத்தில் இது நேர் எதிர். 1965-ல் அச்சான வகை நுண்கணிதப் புத்தகம் இன்றைக்கும் சரியாகத்தான் கணக்குப் போடுகிறது, பல நேரம் இப்போதைய கையேடுகளைவிட நன்றாக. தமிழ் இலக்கியத்தில் பழைய பதிப்பு என்பதே பெருமை.

சிக்கல் வணிகவியலில். 1998-ல் அச்சான ஒரு வணிகச் சட்டப் புத்தகம், எட்டுப் பிரதி. அதில் ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஐச் சேர்ந்தது, அதுவும் அப்படியே. ஆனால் கம்பெனிச் சட்டப் பகுதி 2013 சட்டம் வந்ததும் செத்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்பு 2019-ல் மாறிவிட்டது. விற்பனை வரி அத்தியாயம் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. பாதி உயிர், பாதி பிணம். அதைப் படித்துவிட்டுத் தேர்வெழுதும் முதலாண்டுப் பிள்ளைக்கு எந்தப் பாதி எது என்று தெரியாது. நூலகவியலுக்கு ஐந்து விதி வகுத்த அரங்கநாதனை அடிக்கடி மேற்கோள் காட்டும் எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்று அவர் சொல்லவில்லையாம்மா?" என்று கேட்டார். சொன்னார்தான் சார், 1931-லேயே சொன்னார், அது மூன்றாவது விதி. அதற்கு அடுத்த விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. எட்டுப் பிரதிச் செத்த சட்டத்துக்கு நடுவே புதுப் பதிப்பு ஒன்று ஒளிந்துகொண்டிருந்தால் அந்த நேரத்தை யார் காப்பாற்றுவது? அவர் சிரித்துவிட்டுப் போனார். எட்டில் ஏழைக் கழித்தேன். ஒன்றை, 'பழைய சட்டம், தேர்வுக்கு வேண்டாம்' என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தண்டனைச் சட்டப் புத்தகங்களிலும் இதே கதை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான். வழக்குகள் இன்னும் எத்தனையோ வருடம் நடக்கும். ஒரு நல்ல உரைநூலை வைத்துக்கொண்டு வழிகாட்டிகளை மட்டும் எடுத்தோம். வருமான வரிப் புத்தகம் மட்டும் யோசனைக்கே இடமில்லாதது, ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் பழசாகிவிடும். 1961 சட்டத்தின் இடத்துக்கு 2025-ன் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்றான பிறகு மொத்த வரிசையும் போகவேண்டியதுதான்.

கிழிந்தது, பொடிந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் எடு என்பது மூன்றாவது வழி. துப்புரவு வேலை போலத் தோன்றும், பார்க்க நன்றாக இருக்கும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. படிகாரமும் ரோசினும் போட்டுச் செய்த பழைய காகிதம் அமிலம் ஏறித் தானாகவே பொடியும். அதில் அச்சான 1940, 50-களின் தமிழ்ப் புத்தகங்கள் நாம் என்ன பாடுபட்டாலும் பழுப்பாகும். உடைந்திருப்பதால் கழிப்பது என்றால் அரியதை முதலில் கழிப்பதாகவே முடியும். ஒரே ஒரு விதிவிலக்கு பூஞ்சை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும், சென்னையில் அது தாண்டாத நாள்தான் அபூர்வம். உயிருள்ள பூஞ்சை பிடித்த புத்தகத்தை அன்றே தனியே எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் வரிசையையே கெடுக்கும். ராமபாணப் பூச்சி அரித்ததெல்லாம் அவ்வளவு அவசரமில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் வேலை வாங்கியதுமான வழிக்கு வருகிறேன். வேறெங்காவது கிடைக்குமா என்று பார்த்து, கிடைக்கும் என்றால் விடு. வெளிநாடுகளில் பல நூலகங்கள் கூடி, இன்ன புத்தகத்தை நீ வைத்துக்கொள், நான் விடுகிறேன் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு பக்கத்துக் கல்லூரியோடுகூட இல்லை. ஆனாலும் சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. எழும்பூரில் 1896-லிருந்து இயங்கும் கன்னிமாரா நூலகம், 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி போய்ச்சேரவேண்டிய நான்கு இடங்களில் ஒன்று. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் வந்துவிடும். பழைய தமிழ் அச்சுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடக்கின்றன.

காகிதத்தில் இது அருமையான வாதம். நடப்பில் மூன்று இடத்தில் ஓட்டை. சட்டப்படி பிரதி போகவேண்டும் என்பதும் போயிருக்கிறது என்பதும் வேறு. சிறு பதிப்பகங்கள், சங்க வெளியீடுகள், தனிநபர் அச்சிட்டவை பெரும்பாலும் எங்கும் போகாது. பின்னி மில் வெளியீட்டைத் தேடிப் பார்த்தபோது எந்தப் பட்டியலிலும் எனக்குச் சிக்கவில்லை, அது மாடியில் பூட்டிய பீரோவுக்குப் போய்விட்டது. இரண்டாவது, மின்புத்தகம். என்-லிஸ்ட் என்ற சந்தாத் திட்டம் வழியாகக் கல்லூரிகளுக்கு ஏராளமான மின்புத்தகங்கள் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது சந்தா. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு நாடு ஒரு சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியதே, அதை வைத்துப் புத்தகங்களைக் கழித்துவிடலாமே என்றார் ஒருவர். அது அரசு நிறுவனங்களுக்கான ஆய்விதழ்த் திட்டம். எங்கள் பி.காம். பிள்ளைக்குச் செலவுக் கணக்கியல் பாடப்புத்தகம் அதில் கிடைக்காது. மூன்றாவது ஓட்டையை ஒரு மாணவி காட்டினாள். ஒரு உரைநூலின் பி.டி.எஃப். இருக்கிறதே, அச்சுப் பிரதி எதற்கு என்று கேட்டேன். "அக்கா, இந்த போன்ல ஒரு பக்கத்த நாலா உடைச்சு உடைச்சு பாக்கணும். அம்மா வேலைக்குப் போனா போனும் போயிடும்" என்றாள்.

அதனால் இந்தச் சோதனையைத் தலைப்பு தலைப்பாக, உண்மையிலேயே தேடிப் பார்த்துத்தான் செய்யவேண்டும். ஒரு புத்தகத்துக்குச் சராசரியாக ஐந்து நிமிடம். ஆறாயிரத்துக்கும் செய்தால் 500 மணி நேரம். எங்களிடம் ஆள் இரண்டரை, அந்த அரை நான்தான், மீதி நேரம் எனக்கு மீட்டிங்கில் போய்விடுகிறது.

ஐந்தாவது வழி, துறைத் தலைவர்களிடம் பட்டியல் கொடுத்து டிக் போடச் சொல்வது. முறைப்படி இதுதான் சரி, கழிவுக் குழுவின் கையெழுத்து இல்லாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது. ஆனால் தேர்வு செய்யும் வழியாக இது எங்களுக்கு உதவவில்லை. ஒரு துறை பட்டியலைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் 'கழிக்கலாம்' போட்டுவிட்டது. இன்னொரு துறையில், "ஒண்ணுகூட எடுக்காதீங்க மேடம்" என்று அதே பட்டியல் திரும்பி வந்தது. அதிலிருந்த ஒரு அகராதிக்குப் புதுப் பதிப்பு அவர் மேசைமேலேயே இருந்ததைப் பார்த்தேன், சொல்லவில்லை. பட்டியலில் தலைப்பை மட்டும் பார்த்தால் யாராலும் மனது கேட்டு விடமுடியாது. புத்தகங்களையே தள்ளுவண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோனபோதுதான் வேலை நடந்தது. கையில் எடுத்து இரண்டு பக்கம் புரட்டினால் ஆசிரியர்கள் என்னைவிட இரக்கமில்லாதவர்கள்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு நான் எடுத்த முடிவு ஒரு வரிசைதான். முதலில் கூடுதல் பிரதிகள். ஒரே பாடப்புத்தகத்தில் பன்னிரண்டு இருந்தால் இரண்டு போதும், எந்த வாதமும் தேவையில்லை. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் கட்டுக்கட்டாக வாங்கிக் குவித்த புண்ணியத்தில் இதிலேயே பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். அடுத்து கணினி, வரி, சட்டம், நடப்புப் பொருளாதாரத்தில் காலாவதியான பதிப்புகள். திட்டக் குழுவே 2015-ல் நிதி ஆயோக் ஆகிவிட்டபோது அதன் நடைமுறை பற்றிய வழிகாட்டிக்கு என்ன வேலை? இங்கே மட்டும் ஆண்டு பேசட்டும். மீதி இரண்டாயிரம் போலத்தான் ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டியவை. அவற்றுக்கு மட்டும் இரவல் கணக்கு, தூசி, வேறெங்கும் கிடைக்குமா என்ற தேடல் மூன்றும். இரவல் கணக்கைக் கேள்வி கேட்க மட்டும் வைத்துக்கொண்டேன், பதிலுக்கு வைத்துக்கொள்ளவில்லை. வடசென்னை பற்றியது, 1954-க்கு முந்தைய தமிழ் அச்சு, யாராவது கையெழுத்திட்டுக் கொடுத்தது, இந்த மூன்றும் எந்தக் கணக்கிலும் சேராது, நேரே பீரோவுக்கு.

கழித்ததை என்ன செய்வது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் முத்திரையை ரத்து செய்யாமலே புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் எங்கள் முத்திரையோடு ஒரு பிரதியை வாங்கிவந்து, நூலகத்தில் திருட்டு நடக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே தேதியோடு சிவப்பு மையில் 'கழிக்கப்பட்டது', தலைப்புப் பக்கத்திலும் ரகசியப் பக்கத்திலும் (அடையாளத்துக்காக நூலகம் முத்திரை குத்தும் உள்பக்கம்) ரத்து முத்திரை, கோஹாவில் நிலை மாற்றம். மூன்றும் முடிந்த பிறகுதான் மூட்டை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன்படி 20,000-க்கு மேல் 50,000 வரை உள்ள நூலகத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது முழு இருப்புச் சரிபார்ப்பு நடக்கவேண்டும். எங்களுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறதோ இல்லையோ, கழிக்கும் வேலையை அந்தச் சரிபார்ப்போடு சேர்த்துச் செய்தால் ஒரே தூக்கில் இரண்டும் முடியும். காணாமல் போனதையும் கழித்ததையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்ப மட்டும் கூடாது. அப்புறம் ஏழைப் பள்ளிக்கு நன்கொடை என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நமக்கு வேண்டாத 1998 வரிப் புத்தகம் அவர்களுக்கு மட்டும் எதற்கு?

இதுவரை 5,400 வந்திருக்கிறது. மிச்சம் 600-ஐ எங்கே தேடுவது என்று பார்த்தபோது எல்லார் விரலும் ஒரே அலமாரியைக் காட்டியது. தெலுங்கு அலமாரி. சுமார் 300 புத்தகம், இந்தப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எப்போதோ கொடுத்தவை. இரவல் பூஜ்யம். மேல்விளிம்பில் தூசி விரற்கடைக்கு. தலைப்புகளை யாரோ காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள், அதை வைத்து வேறெங்கும் தேடவும் முடியவில்லை. டிக் போடத் தெலுங்குத் துறையும் கிடையாது. என் ஐந்து வழியில் ஒன்றுகூட அதனிடம் செல்லுபடியாகவில்லை. அட்டையைத் திறந்தால் எழுத்து எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. மிண்ட் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியை ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த அலமாரிச் சாவி என் மேசை டிராயரில் இருக்கிறது.